கிணற்று நீச்சலும் பனி ஆறும்: ஜன்ஸ்காரில் கவிழ்ந்த ஒரு ராஃப்ட்

லடாக்கின் ஜன்ஸ்கார் ஆற்றில் ஒரு ராஃப்ட், அதாவது காற்றடைத்த ரப்பர் படகு, கவிழ்ந்தது. மதுரைப் பக்கத்து ஆட்கள் ஆறு பேரும் அவர்களை ஓட்டிச் சென்ற கைடும் தண்ணீரில் விழுந்தார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். ஒருவர் மட்டும் லேயில் மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்தது. அந்த ஒருவர்தான் ஆறு பேரிலும் நன்றாக நீந்தக்கூடியவர். இதை விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

நான் மதுரையில் நீச்சலும், தண்ணீரில் மாட்டியவர்களை மீட்கும் முறையும் சொல்லிக் கொடுக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு அவர்களே வந்து, "நடந்ததை எழுதி வைங்கண்ணே, பேர் மட்டும் வேண்டாம்" என்றார்கள். முதலில் தனித்தனியாகக் கேட்டேன். அப்புறம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டேன். ஒருவருடைய ஹெல்மெட்டில் இருந்த கேமராவில் கவிழ்ந்த நேரமும் அதன் பின் நடந்ததும் பதிவாகியிருந்தன. நேரக் கணக்குக்கு அந்தப் பதிவைத்தான் நம்பியிருக்கிறேன். பயந்துபோன மனிதருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். கைடும் போனில் நெடுநேரம் பேசினார். பயணத்தை நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆட்களை ஊர்ப் பெயரால் குறிப்பிடுகிறேன்.

ஆளும் ஆறும்

மேலூர்க்காரருக்கு முப்பத்தெட்டு வயது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் அதில், விடாத மாதங்களில் தோட்டத்துக் கிணற்றில் என்று நீந்தி வளர்ந்தவர். முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி இறக்கிவிட்டு அவர் நீச்சல் பழக்கிய பிள்ளைகளே ஊரில் நிறையப் பேர். சோழவந்தான்காரரும் உசிலம்பட்டிக்காரரும் அவருடைய கல்லூரித் தோழர்கள். அனுப்பானடியிலிருந்து போன அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ். திருப்பரங்குன்றத்துத் தம்பி, இருபத்து நாலு வயது, எல்லோரிலும் இளையவர்; நீச்சல்குளத்தில் பழகியவர், ஆற்றில் இறங்கியதே இல்லை. கே.கே. நகர் ஐயா ஐம்பது தாண்டியவர். பயணத்தை ஒருங்கிணைத்தவரும் அவரே.

ஜன்ஸ்கார் என்பது பதும் என்ற ஊருக்கருகே இரண்டு ஆறுகள் சேர்ந்து உண்டாகும் ஆறு. பென்சி லா கணவாய்க்கருகே உள்ள திராங்-துருங் பனியாற்றிலிருந்து உருகி வருவது ஸ்தோத் ஆறு. தென்கிழக்கிலிருந்து வருவது சரப் ஆறு. இரண்டும் சேர்ந்தபின் வடக்கே திரும்பி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடி, லேவுக்கு மேற்கே நிம்முவில் சிந்து நதியில் கலக்கிறது. குளிர்காலத்தில் இதே ஆறு உறைந்து கிடக்கும். அதன்மேல் நடந்து போகிற சாதர் பயணத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ராஃப்ட் ஓட்டுவது ஜூலை, ஆகஸ்டில். ஆற்றின் கடுமையை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். அதில் இது பெரும்பாலும் மூன்று, தண்ணீர் ஏறினால் சில இடங்களில் நான்கு.

தரம் மூன்று என்பதைக் கேட்டுப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரு ரேபிட், அதாவது பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொந்தளித்து ஓடும் இடம், எவ்வளவு கடினம் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். கரையேறினால் உதவி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதைச் சொல்லாது. இவர்கள் போனபோது அந்தப் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் சாலை கிடையாது. நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில்தான் முழுதாக இணைத்தது. செல்போன் சிக்னலும் இல்லை. சாட்டிலைட் போனை நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. நிறுவனம் அனுமதி வாங்கியிருக்கவில்லை. ஆக, பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வர ஆறு ஒன்றுதான் வழி.

இதற்கு அவர்கள் நன்றாகத்தான் தயாரானார்கள். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் வாழ்கிறவர்கள் 3,500 மீட்டர் உயரத்து லேவில் விமானத்தில் போய் இறங்கினால் உடம்பு பழக நாள் வேண்டும். மூன்று நாள் லேயில் தங்கினார்கள். அந்த விஷயத்தில் ஐயா யாருக்காகவும் விட்டுக் கொடுக்கவில்லை. அதனால்தான் யாருக்கும் மலை நோய் வரவில்லை.

போன ஒரு நாள்

லேயிலிருந்து கார்கில் போய், அங்கிருந்து சுமார் 230 கிலோமீட்டர் மலைச்சாலையில் பதும் போக வேண்டும். வழியில் மண் சரிந்து ஒரு நாள் முழுதும் வண்டி நின்றுவிட்டது. ஆற்றில் நான்கு நாள் என்பது திட்டம். லேயிலிருந்து திரும்புகிற விமான டிக்கெட் மாற்ற முடியாதது. அதனால் நான்கு நாள் தூரத்தை மூன்று நாளில் ஓட்டிவிடலாம் என்று பதுமில் வைத்து முடிவு செய்தார்கள்.

அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நிறுவனத்தின் பயணத் தலைவர்தான் சொன்னார் என்கிறார் சோழவந்தான்காரர். நாங்கள் டிக்கெட்டைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியதால்தான் அவர் சொன்னார் என்கிறார் அக்கா. அக்கா சொல்வது சரியென்றே நினைக்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் லேவில் காத்திருந்த அந்த விமானத்தின் நேரம் அடுத்தடுத்த முடிவுகள் எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மொத்தம் இரண்டு துடுப்பு ராஃப்ட்கள், சாமான் ஏற்றிய ஒரு ராஃப்ட், பாதுகாப்புக்காகக் கூடவே வரும், ஒருவர் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான ஒரு கயாக். ஆறு பேரும் கைடும் ஒரு ராஃப்ட்டில். இன்னொன்றில் வேறு ஊர்க்காரர்கள். கைடு நேபாளக்காரர், பல வருட அனுபவம் உள்ளவர். கரையில் பாதுகாப்பு விளக்கம் பத்து நிமிடம் நடந்தது. முன்னே துடுப்புப் போடு, பின்னே போடு, நிறுத்து, இவற்றைப் பழகினார்கள். கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வாயால் சொன்னார்கள். யாரையும் தண்ணீரில் இறக்கிப் பார்க்கவில்லை.

அன்று காலை

முதல் இரவு மணல்திட்டு ஒன்றில் கூடாரம் போட்டார்கள். தண்ணீர் விளிம்பில் கைடு ஒரு கல்லை நட்டு வைத்தார். காலையில் எழுந்து பார்த்தால் கல்லைக் காணோம். அது இருந்த இடத்துக்கு மேல் முழங்கால் உயரம் தண்ணீர் ஓடியது. நிறமும் மாறி, கரைத்த சிமெண்ட் மாதிரி இருந்தது.

கைடு சொன்னதை உசிலம்பட்டிக்காரர் தெளிவாக நினைவில் வைத்திருக்கிறார்: "மதியம் வரைக்கும் பார்ப்போம். இறங்கினால் போவோம்." தலைவர் ஆற்றைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் கிளம்பினால் அன்றைய முகாமுக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது. அங்கே போகாவிட்டால் மறுநாள் நிம்முவைத் தொட முடியாது. எட்டு மணி சொச்சத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் எளிதாகவே போயிற்று. தண்ணீர் கூடினால் சிறு பாறைகள் எல்லாம் மூழ்கிவிடும். சின்னச் சின்ன ரேபிட்கள் காணாமல் போய், வெறும் வேகம்தான் மிஞ்சும். "நேத்தைவிட இன்னிக்கு லேசா இருக்குண்ணே" என்று தம்பி சொல்வது கேமராவில் கேட்கிறது.

ஆறு இடப்பக்கம் வளையும் இடம். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கரையில் இறங்கிப் பார்க்கவில்லை. முந்தைய பயணங்களில் அந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருக்குமாம். இடப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவார்களாம். அன்று பாறை தெரியவில்லை. அதன்மேல் வழுவழுப்பாக ஏறி மறுபக்கம் விழுந்த தண்ணீர் பின்னால் ஒரு பெரிய குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து வருகிறவருக்குச் சின்ன மேடு மாதிரிதான் தெரிந்திருக்கும். கைடு பார்த்தபோது இருபது மீட்டர்கூட இல்லை. "இடப்பக்கம்" என்று கத்தினார். மூன்று பேர் போட்டார்கள், மூன்று பேர் நிறுத்தினார்கள். ராஃப்ட் குறுக்கே திரும்பி, பக்கவாட்டாகக் குழிக்குள் இறங்கியது.

அந்த நொடியில் எல்லோரும் ஆற்றின் கீழ்ப்பக்கமாக இருக்கும் ராஃப்ட்டின் ஓரக் காற்று டியூபின்மேல் பாய்ந்து விழ வேண்டும். எடை அங்கே போனால் மேல்பக்கம் ஏறி வரும் தண்ணீர் ராஃப்ட்டைப் புரட்ட முடியாது. கைடு அதற்கான ஆணையைக் கத்தியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பழக்கத்தில் ஒருமுறைகூட யாரும் செய்து பார்க்கவில்லை. பயந்தவர் தன்னை அறியாமல் முன்னால் சீறும் குழியை விட்டு விலகி, ஆற்றின் மேல்பக்கமாகச் சாய்வார். நான்கு பேர் அப்படிச் சாய்ந்தார்கள். ராஃப்ட் கவிழ்ந்தது.

தண்ணீரில்

ஐந்து பேர் கவிழ்ந்த ராஃப்ட்டின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பிக்கு நீச்சலில் நம்பிக்கை கிடையாது, ஆகவே கயிற்றை விடவேயில்லை. "செத்தாலும் இதை விடக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சு" என்றார். கைடு ராஃப்ட்டின் மேலேறி ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். இரண்டு நிமிடத்துக்குள் ஐவரும் மேலே வந்துவிட்டார்கள்.

மேலூர்க்காரர் ராஃப்ட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது கயிறு கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வலது கரை பதினைந்து, இருபது மீட்டர். கிணற்றின் நீளத்தைப் பலமுறை மூச்சு விடாமல் கடந்தவருக்கு அது ஒரு தூரமாகவே தோன்றவில்லை. ராஃப்ட்டைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, கைபோட்டு நீந்த ஆரம்பித்தார்.

நாலைந்து கைபோடுவதற்குள் மூச்சு அவர் வசத்தில் இல்லை. வாயைத் திறக்காமல் இருக்க முயன்றும் திறந்தது. ஒவ்வொரு அலையும் முகத்தில் அடிக்கும்போது தண்ணீர் உள்ளே போனது. வலது கரை வளைவின் வெளிப்பக்கம். வேகம் முழுவதும் அந்தப் பாறைச் சுவரைத்தான் மோதிக்கொண்டிருந்தது. அங்கே நின்று பிடிக்க எதுவும் இல்லை. சுவரில் உரசி மறுபடி நடு ஓட்டத்துக்கு வந்தார். லைஃப் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையை முட்டிக்கொண்டிருந்தது. அன்று காலை மூச்சுப் பிடிக்கிறது என்று பக்கப் பட்டைகளைத் தளர்த்தியிருந்தார்.

கயாக்காரர் அவரை எட்டியபோது கயாக்கின் வால்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் மூடவில்லை. கயாக்கின் மூக்கால் அவரை இடது கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். அங்கே பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுற்றும் இடத்தில் இரண்டாம் ராஃப்ட் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தது. அவர்கள் வீசிய முதல் கயிறு பின்னால் விழுந்தது. இரண்டாவது நெஞ்சின் குறுக்கே விழ, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ராஃப்ட் கவிழ்ந்ததிலிருந்து அவர் கரை தொட்டது வரை ஆறு நிமிடம் சொச்சம்.

கரையேறியதும் எழுந்து நின்றார். "ஒண்ணும் இல்லப்பா" என்றார். நாலடி நடந்து சுருண்டு விழுந்தார்.

அக்கா செய்தது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி இதுதான். குளிர்ந்த தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர் உடனே நிற்கக் கூடாது. தண்ணீர் உடம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டிருக்கும்; வெளியே வந்து நிமிர்ந்ததும் அந்த அழுத்தம் போய், ரத்தம் கால்களுக்கு இறங்கி, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். மீட்ட பிறகு கரையில் சிலர் இறந்துபோவதற்கு இது ஒரு காரணம். அக்காவின் ராஃப்ட் சற்றுக் கீழே கரை ஒதுங்கியிருந்தது. பாறைகளில் ஏறி அவர் வந்து சேர்ந்தபோது இரண்டு பேர் மேலூர்க்காரரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலில் சொன்னது, "படுக்க வைங்க. தட்டையாப் படுக்க வைங்க."

கீழே பாய் விரித்து, நனைந்த உடைகளை அவிழ்த்து, துடைத்து, இரண்டு தூக்கப் பைகளுக்குள் அவரை வைத்தார். கைகால்களைத் தேய்த்துவிட வந்தவர்களைத் தடுத்தார். குளிர்ந்த கைகால்களைத் தேய்த்தால் அங்குள்ள குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நெஞ்சுப் பக்கமும் கக்கத்திலும் வைத்தார். ஒருவர் ரம் கொண்டுவந்தார், நல்ல எண்ணத்தில்தான். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும்; கதகதப்பாகத் தோன்றும், உள்ளிருக்கும் சூடோ வெளியேறிக்கொண்டிருக்கும். அக்கா அதை வாங்கித் தூர வைத்துவிட்டு, அவர் தெளிவாகப் பேச ஆரம்பித்த பிறகு சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். அக்கா நினைக்கவில்லை. இருமல் நிற்காததையும் மூச்சு வேகமாகவே இருப்பதையும் எண்ணிக் குறித்துக்கொண்டே இருந்தார். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜனே கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரவெல்லாம் சாய்த்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் தண்ணீர் இறங்கிய பிறகு ஓட்டி, சில்லிங் அருகே சாலையைத் தொட்டதும் வண்டியில் லேவுக்குக் கொண்டு போனார்கள். இரண்டு நாள் ஆக்ஸிஜனோடு கண்காணிப்பில் இருந்து தேறினார். விமானம் போய்விட்டிருந்தது.

தண்ணீர் எப்படி ஏறியது

"மழையே இல்லையே, வெள்ளம் எப்படி வந்தது?" ஐயா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வைகைக்காரர்கள் எவரும் இதைத்தான் கேட்பார்கள். நமக்குத் தண்ணீர் என்றால் மழை பெய்ய வேண்டும், இல்லையென்றால் அணை திறக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று நமக்குத் தெரியாது.

பனியாற்றில் பிறக்கும் ஆற்றுக்கு வெயில்தான் மழை. வெயில் ஏற ஏறப் பனி உருகும். பனிமுகத்தருகே மாலையில் தண்ணீர் உச்சத்தைத் தொடும். அந்தத் தண்ணீர் பல பத்துக் கிலோமீட்டர் கீழே வந்து சேரும்போது இரவாகும், சில இடங்களில் மறுநாள் காலையாகும். அதனால் பள்ளத்தாக்கின் நடுவில் முகாம் போட்டவருக்கு, நேற்று நண்பகலில் அடித்த வெயில் இன்று காலை வெள்ளமாக வந்து சேருகிறது. இவர்கள் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் மேகமே இல்லாமல் காய்ந்திருக்கிறது. கைடு "மதியம் வரை" என்று சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது: அந்த இடத்தில் உச்சம் காலையில் கடந்து போகும், மதியத்துக்குள் சற்று இறங்கும். அவர் பயந்து சொல்லவில்லை, ஆற்றின் நேரத்தை அறிந்து சொன்னார்.

இது தினசரி ஏற்றம். இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. 2014 டிசம்பர் 31 அன்று ஜன்ஸ்காரில் வந்து சேரும் புக்தல் ஆற்றில் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. பின்னால் கிலோமீட்டர் கணக்கில் ஏரி நிறைந்தது. 2015 மே 7 அன்று அந்த இயற்கை அணை உடைந்து, வெள்ளம் ஜன்ஸ்கார் வழியே இறங்கிப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. முன்பே கண்காணித்து எச்சரித்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஐயாவிடம் இதைச் சொன்னபோது, கும்பக்கரை அருவியை நினைவுபடுத்தினார். பெரியகுளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே கொடைக்கானல் மலையில் பெய்த மழை திடீரென்று அருவியில் இறங்கும். வனத்துறை குளிக்கத் தடை போடும். கீழே நிற்பவருக்கு மேலே நடந்தது தெரிவதில்லை என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். சட்டென்று புரிந்துகொண்டார்.

முழங்கால் உயரம் ஏறியது பெரிய விஷயமா என்று சோழவந்தான்காரர் கேட்டார். அகலமான ஆற்றில் இல்லை. பாறைச் சுவர்கள் நெருக்கும் இடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் பரவ முடியாது. ஆழமும் வேகமும்தான் கூடும். ஓடும் நீர் தரும் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு.

குழி

பாறைக்குப் பின்னால் இருந்தது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது லடாக்கில் மட்டும் இல்லை. தண்ணீர் ஒரு தடையின்மேல் ஏறி விழும்போது, விழுந்த இடத்தில் அடியோடு போய்விடுகிறது. மேற்பரப்பில் இருக்கும் நீர் அந்தப் பள்ளத்தை நிரப்ப எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. அதில் மாட்டியதைச் சுழற்றிச் சுழற்றி அங்கேயே வைத்திருக்கும். ஆற்றுப் பாறைக்குப் பின்னால் என்றால் பெரும்பாலும் ஓரத்தில் வழி இருக்கும், மனிதரைத் துப்பிவிடும். இவர்களையும் துப்பிவிட்டது.

கரையிலிருந்து கரை வரை ஒரே மட்டமாகக் கட்டிய தடுப்பணையில் அந்த ஓர வழி கிடையாது. வெள்ளம் வழியும் தடுப்பணைக்குக் கீழே உள்ள சுழல், ஜன்ஸ்காரில் இவர்களைக் கவிழ்த்த குழியைவிடக் கொடியது. பார்க்க அழகாக, சீராக விழும். வைகையில் தண்ணீர் வரும் நாட்களில் தடுப்பணை வழிகிற இடத்தில்தான் இளவட்டங்கள் குளிக்கிறார்கள். என் வகுப்பில் இப்போது இந்த ராஃப்ட் கவிழ்ந்த காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்ததாக நம்மூர்த் தடுப்பணை வழிகிற படத்தைக் காட்டுகிறேன்.

நீச்சல் தெரிந்தவர்

மேலூர்க்காரர் என்னிடம் பேச வந்தபோது முதலில் சொன்னது, "நான் பதறல. நீந்தத்தான் செஞ்சேன். உடம்பு கேக்கல." அவர் சொன்னது முழுக்க உண்மை. அவர் பதறவில்லை.

15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு இரைத்துக்கொண்டே இருக்கும். தோலில் உள்ள குளிர் உணரும் நரம்புகள் செய்கிற வேலை அது; தைரியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்று காலை பல் தேய்க்கும்போது அக்கா தெர்மாமீட்டரை ஆற்றில் விட்டுப் பார்த்திருக்கிறார்: 8 டிகிரி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கார்டன் கீஸ்பிரெக்ட். அவர் 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பினார். முதல் 1 நிமிடம் மூச்சு வசப்படாது. அதன்பின் சுமார் 10 நிமிடம் கைகால்கள் வேலை செய்யும், பிறகு ஓயும். உடம்பின் உட்சூடு விழுந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர் விறைத்துச் சாகிறார் என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். பலர் அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே, மூச்சு வசப்படாத முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்து மூழ்கிவிடுகிறார்கள்.

அந்த முதல் நிமிடத்தில் ஒரே வேலைதான்: எதையாவது பிடித்துக்கொண்டு, அல்லது மல்லாந்து மிதந்துகொண்டு, மூச்சைத் திரும்ப வாங்குவது. நீந்துவது அதற்குப் பிறகு. தம்பி எதுவும் தெரியாமல் சரியாகச் செய்ததும் மேலூர்க்காரர் எல்லாம் தெரிந்து தவறியதும் இந்த இடத்தில்தான். கிணறு அவருக்கு எப்போதும் இதமாகவே இருந்திருக்கிறது. அதில் மூச்சு அவர் சொன்னபடி கேட்டது. முப்பது வருடம் கேட்டது அன்று கேட்காது என்று நினைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, கரையைத் தேர்ந்தெடுத்தது. கிணற்றிலும் கால்வாயிலும் அருகில் இருப்பதுதான் நல்ல கரை. வளைந்து ஓடும் ஆற்றில் வளைவின் வெளிக்கரை அருகில் இருந்தாலும் வேகமும் சுவரும் அங்கேதான். உட்கரையில்தான் ஓட்டம் தளரும், மணல் சேரும். பாறைகளுக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் மல்லாந்து, கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, கால்கள் ஆறு போகும் பக்கம் இருக்க மிதக்க வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். இடுப்பளவு தண்ணீர்தானே என்று நடு ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் பின்னாலிருந்து வரும் வேகம் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளி அழுத்திவிடும். தளர்ந்த ஓட்டத்தைக் கண்ட பிறகுதான் திரும்பிக் குப்புறப் படுத்து முழுப் பலத்தோடு நீந்த வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கினால் காதுக்கு மேல் ஏறக் கூடாது. ஒவ்வொரு முறை ஏறும்போதும், சாப்பிட்டுவிட்டு வந்த பிறகும், பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பார்க்க வேண்டும்.

யார் சொல் செல்லும்

ஆறு பேரும் நிறுவனத்தின் மீது கோபமாக இருக்கிறார்கள். நியாயமான கோபம். கரையில் இறங்கிப் பார்க்காமல் வளைவைக் கடந்தது, கவிழ்ந்தால் செய்ய வேண்டியதைத் தண்ணீரில் பழக்காதது, தொடர்புக்கு வழி வைக்காதது மூன்றும் அவர்கள் பொறுப்பு. ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் நிறுத்தப்படுகிறது. ஓட்டுகிறவருக்கு அன்றைய கூலி போகிறது, பயணிக்கு ஏமாற்றம், ஆனாலும் நிற்கிறது. ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்கில் அப்படி நிறுத்துவதற்கு வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்குத்தான் அந்த அதிகாரம் இருக்க வேண்டும்.

கைடுக்கு ஆறு தெரியும், ஆனால் அவர் தினக்கூலி. தலைவருக்கு அட்டவணை தெரியும். பயணிகளுக்கு டிக்கெட் தெரியும். இந்த மூவரில் ஆற்றை அறிந்தவரின் குரல்தான் அன்று மெல்லியதாக இருந்தது. நான் போனில் கேட்டபோது அவர் சொன்னார்: தான் இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருந்தாலும் கிளம்பித்தான் இருப்பார்கள், அடுத்த பயணத்துக்குத் தன்னைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். அவர் மீது எனக்குக் குறை இல்லை.

அறுவரும் அடுத்த ஆண்டு மறுபடி அதே ஆற்றுக்குப் போகத் திட்டமிடுகிறார்கள். மேலூர்க்காரர் உட்பட. இந்த முறை நிறுவனத்தோடு பேசும்போது ஐயா நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டிருக்கிறார். தண்ணீர் ஏறிய நாளில் கைடு நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், அதற்காக அவர் கூலி குறையக் கூடாது. முதல் நாள் அமைதியான இடத்தில் ஒவ்வொருவரும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குதித்து, மூச்சு அடங்கும் வரை மிதந்து, வீசிய கயிற்றைப் பிடித்து, கவிழ்த்த ராஃப்ட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். ஆணைகள் எல்லோருக்கும் புரியும் சொற்களில் இருக்க வேண்டும். அனுமதியோடு சாட்டிலைட் போன் வேண்டும். லேயிலிருந்து திரும்பும் டிக்கெட்டை அவர்கள் தரப்பில் மூன்று நாள் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்கள் கூலி விஷயத்தைக் கேட்டதும் பதில் போடவில்லை. மூன்றாவது நிறுவனம் சம்மதித்திருக்கிறது. கையெழுத்து இன்னும் வரவில்லை.